திருமண ஆயத்த வகுப்பில் தாம்பத்யத்தைப் பற்றி எதுவரை பேசலாம்?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் தங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்குத் திருமண ஆயத்த வகுப்பு எடுக்கிறார்கள். ஓலை வாசிப்பதற்கு, அதாவது கல்யாண அறிவிப்பைச் சபையில் படிப்பதற்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் இந்த வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பது அந்தச் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தின்) ஏற்பாடு. குடும்ப ஜெபம், வரவு செலவு, இரண்டு வீட்டுப் பெரியவர்களோடும் அனுசரித்துப் போவது என்று பல தலைப்புகள் உண்டு. தாம்பத்யத்துக்குக் கிடைப்பது கடைசிக் கால் மணி நேரம். எபேசியர் 5, முதலாம் கொரிந்தியர் 7 இரண்டையும் வாசித்து, "மனைவி கணவனுக்குத் தன்னை மறுக்கக் கூடாது" என்று சொல்லி, ஜெபம் பண்ணி முடித்துவிடுவார்களாம்.

அந்த வகுப்புக்கு வந்துபோன ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகும் சமயத்தில் இவரைத் தேடி வந்து அழுதிருக்கிறாள். இதுவரை உடலுறவு நடக்கவில்லை. முயலும்போதெல்லாம் உடம்பு தானாக இறுகிக்கொள்கிறது, வலி தாங்க முடியவில்லை. கணவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அவரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஒதுங்கிப்போகிறார். மாமியார் மாதம் தவறாமல் "விசேஷம் உண்டா" என்கிறார். ஓர் ஊழியக்காரர், இதில் ஏதோ 'கட்டு' இருக்கிறது, மூன்று நாள் உபவாசம் இருந்தால் அவிழும் என்று சொல்லியிருக்கிறார். கணவன் வீட்டுப் பெரியவர் ஒருவர், "கோர்ட்டுக்குப் போனால் இந்தக் கல்யாணமே செல்லாது" என்று காதில் போட்டுவைத்திருக்கிறார். ஆசிரியை அவளிடம், "பொறுத்துக்கொள், போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி ஜெபித்து அனுப்பியிருக்கிறார்.

அனுப்பிவிட்டாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. அடுத்த வகுப்பில் பேர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதித் தரச் சொன்னார். "முதல் ராத்திரியே நடக்கணுமா?", "ரத்தம் வரலைன்னா என்ன அர்த்தம்?", "வேண்டாம்னு சொன்னா பாவமா?" என்று வந்த சீட்டுகளைப் படித்து, தெரிந்தவரை வெளிப்படையாகப் பதில் சொன்னார். ஒரு பெண்ணின் அம்மா போய்ப் புகார் செய்ய, சேகரக் கமிட்டி கூடி, "வசனத்தை வாசித்து விளக்கினால் போதும், மற்றதெல்லாம் டாக்டர் வேலை" என்று சொல்லிவிட்டது. நான் செய்தது தவறா, எதுவரை பேசலாம், அந்தப் பெண்ணுக்கு இனி என்ன சொல்வது என்று கேட்கிறார். கருத்தடை பாவம் என்று யூடியூபில் ஒருவர் பிரசங்கிக்கிறாரே, அதற்கு என்ன பதில் என்றும் ஒரு கேள்வி.

அன்புள்ள டீச்சர்,

சீட்டில் எழுதித் தரச் சொன்னீர்களே, அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி. அந்த மூன்று கேள்விகளையும் என் பரிசோதனை அறையில் அடிக்கடி கேட்கிறேன். கேட்கிறவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகிப் பல மாதம், சில சமயம் பல வருடம் கழித்து வருகிறவர்கள். உங்கள் வகுப்பில் அந்தக் கேள்வி கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. நீங்கள் செய்தது தவறில்லை. சில இடங்களில் மட்டும் வேறு விதமாகச் செய்திருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன். வகுப்பை அடுத்த மாதம்கூடத் திருத்தலாம், அந்தப் பெண்ணின் விஷயம் காத்திருக்காது. அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது செய்ய வேண்டியது

"போகப் போகச் சரியாகும்" என்று நீங்கள் அன்போடுதான் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் நிலை போகப் போகத் தானாகச் சரியாவது அரிது. பல நேரங்களில் நாளாக நாளாக இறுக்கம் கூடும். கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தோன்றுவது வஜைனிஸ்மஸ். இடுப்பின் அடித்தளத் தசைகள், அவள் விருப்பத்தைக் கேட்காமல், தொடுகையை எதிர்பார்த்த உடனே இறுகிவிடுகின்றன. கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்வதைப் போல. "உடம்பைத் தளர்த்து" என்று அதட்டி அந்த இமையைத் திறக்க முடியாது. ஒவ்வொரு முறை வலியோடு முயலும்போதும், அடுத்த முறைக்கான பயம் தசைகளுக்குள் பதிகிறது. கணவன்மேல் பிரியம் இல்லாததாலோ, பிடிக்காத கல்யாணத்தாலோ மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். கணவனை உயிராக நேசிக்கிற பெண்களுக்கும் வருகிறது. உடலுறவு அசிங்கம், அதைப் பற்றி நினைப்பதே பாவம் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம். பழைய காயம் ஒன்று இருக்கலாம். காரணமே தெரியாமலும் வரலாம்.

இதே வலிக்கு வேறு காரணங்களும் உண்டு: தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), பிறவியிலேயே அமைந்த தடுப்புச் சவ்வு. அதனால் பரிசோதனை அவசியம். பெண் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் போகட்டும். போகும்போதே, "எனக்கு உள்பரிசோதனை என்றால் பயம், நிறுத்துங்கள் என்றால் நிறுத்திவிடுவீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. முதல் நாளே உள்பரிசோதனை நடந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, பேசிவிட்டு மட்டும் திரும்பி வரலாம். சிகிச்சை என்பது தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி, அவளே தன் கையால், தன் வேகத்தில் பயன்படுத்தும் படிப்படியான அளவுள்ள டைலேட்டர்கள் (தசைகளை மெல்லப் பழக்கும் வழவழப்பான உருளைகள்), கூடவே கவுன்சலிங். இது நடக்கும் காலத்தில் உடலுறவு முயற்சியை முழுவதும் நிறுத்திவைக்கச் சொல்வோம். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே பல தம்பதிகள் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். வாரங்களிலிருந்து மாதங்கள் வரை ஆகலாம். ஒழுங்காகத் தொடர்கிறவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் சரிசெய்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

கணவரையும் கூட்டிப் போக வேண்டும். "உன் பிரச்சினை, நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்று விட்டால் சிகிச்சை பாதியில் நின்றுபோகும். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து, அவர் கெட்டவர் இல்லை என்று தெரிகிறது. தன்னைத்தான் அவள் வெறுக்கிறாள் என்று அவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கலாம். இது தசையின் பிரச்சினை என்று ஒரு மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது அவருக்கும் மருந்து.

'கட்டு' என்று சொன்ன ஊழியக்காரரைப் பற்றி: நானும் ஜெபிக்கிறவள். சிகிச்சைக்குப் போகும்போது ஜெபித்துக்கொண்டே போகட்டும். ஆனால் தன் உடம்பில் பிசாசின் கட்டு இருக்கிறது என்று நம்பத் தொடங்கிய பெண், அந்த உடம்பைக் கண்டு இன்னும் பயப்படுவாள். இந்த நோய்க்குப் பயம்தான் தீனி. அந்த வார்த்தையை அவள் காதில் இனி யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ட் மிரட்டல் பற்றியும் தெளிவாகத் தெரிந்திருப்பது நல்லது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டது. அதன் 10ஆம் பிரிவில், வேண்டுமென்றே மறுத்து அதனால் உடலுறவே நடக்காமல் போயிருந்தால் அதை விவாகரத்துக்கான காரணமாகச் சொல்லலாம். வலியால் முடியாமல் போவதும் வேண்டுமென்றே மறுப்பதும் வேறு வேறு. 19ஆம் பிரிவின்படி, திருமணத்தின்போதும் வழக்குப் போடும்போதும் உடலுறவுக்கு இயலாத நிலை இருந்தால் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். அதுவும் நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னால்தான். யாரோ ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதால் கல்யாணம் செல்லாமல் போய்விடாது. குணப்படுத்தக் கூடிய ஒரு நிலைக்கு அவள் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கான மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். நிஜமாகவே வழக்கு என்று பேச்சு வந்தால் குடும்ப நல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

கொரிந்தியர் 7ஐ முழுவதும் வாசியுங்கள்

நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் "மனைவி மறுக்கக் கூடாது" என்ற ஒற்றை வரி என் நோயாளிகளின் உடம்பில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வரிக்காகவே வலியைக் கடித்துக்கொண்டு படுத்து, பிறகு என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

"மனைவியானவள் தன் சொந்த சரீரத்திற்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி" என்று வாசித்து நிறுத்திவிடுகிறோம். அதே வசனம் "அப்படியே" என்று தொடர்ந்து, புருஷனும் தன் சொந்தச் சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி என்கிறது. குடும்பத் தலைவன் வைத்ததே சட்டமாக இருந்த ரோம உலகத்தில், ஒரு சபைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்பட்ட வரி இது. கேட்டுக்கொண்டிருந்த ஆண்களுக்கு இரண்டாம் பாதி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வசனத்தில் இதை எழுதிய பவுல், இருவரும் சம்மதித்துச் சில காலம் பிரிந்திருப்பதைப் பற்றிப் பேசுகிறார். இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறவர், ஒருவர் வலியில் துடிக்கும்போது மற்றவர் உரிமை கொண்டாடலாம் என்று சொல்லியிருப்பாரா? இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை, யோசனையாகச் சொல்கிறேன் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். அந்த யோசனையைத்தான் நாம் பெண்ணுக்கு மட்டும் கட்டளையாக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. அந்த அதிகாரம் "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்று தொடங்குகிறது. கொரிந்து சபையார் தங்கள் படுக்கையறைக் கேள்விகளை எழுதிக் கேட்டிருக்கிறார்கள், பவுல் பதில் எழுதியிருக்கிறார். உங்கள் சீட்டுகளுக்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் வேண்டுமா, டீச்சர்?

வசனம் மட்டும் போதும் என்று கமிட்டி சொன்னால், முழு வேதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகள் 5ஆம் அதிகாரம் இளவயதின் மனைவியோடே மகிழ்ந்திரு என்று சொல்லிவிட்டு, அவளுடைய மார்பகங்களைப் பற்றியே பேசுகிறது. உபாகமம் 24இல், புதிதாகக் கல்யாணமானவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. சந்தோஷப்படுத்தும் பொறுப்பு அங்கே கணவன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு வருஷ அவகாசமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. முதல் ராத்திரியே நடக்க வேண்டுமா என்று சீட்டில் கேட்ட பிள்ளைக்கு இதையே வாசித்துக் காட்டலாம். உன்னதப்பாட்டில் முதலில் வாய் திறப்பவள் பெண், அதுவும் முத்தம் கேட்டு. அது கிறிஸ்துவையும் சபையையும் பற்றியது என்று சிலர் சொல்வார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன் என்ற வேத அறிஞரின் காலத்திலிருந்தே அப்படி வாசித்து வந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெர்னார்டு என்ற துறவி அந்தப் புத்தகத்தின்மேல் 86 பிரசங்கங்கள் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. அந்த வாசிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் தேவனுடைய அன்பைச் சொல்லவே கணவன் மனைவி இன்பம்தான் உவமையாகக் கிடைத்தது என்றால், அந்த இன்பம் வெட்கப்பட வேண்டிய ஒன்றாக இருக்க முடியாது.

நம் சபைக்கு வேர் தந்த ஆங்கிலிக்கன் மரபின் 1662ஆம் வருஷ ஜெபப்புத்தகத்தில், மோதிரம் போடும்போது மணமகன் "என் சரீரத்தால் உன்னைக் கனம்பண்ணுகிறேன்" என்ற பொருளில் வாக்குக் கொடுப்பான். பீடத்தின் முன், சபையார் எல்லாரும் கேட்கச் சொன்னது அது.

கமிட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புகார் சொன்ன அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பது அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். நீங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தே சீட்டுகளைப் படித்திருக்கிறீர்கள். சிறிய சபையில் கையெழுத்தைப் பார்த்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும்.

வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் நடக்கும் வேறொன்றும் எனக்குக் கவலை தருகிறது. சில போதகர்கள் மேடையில் மைக்கைப் பிடித்து, தங்கள் முதல் இரவைப் பற்றியும் தங்கள் மனைவியைப் பற்றியும் பேசுகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது, வீடியோ பரவுகிறது. முன்வரிசையில் அந்த மனைவி புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாராவது கேட்டார்களா? அதைத் துணிச்சல் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒருத்தியின் அந்தரங்கத்தை அவளுடைய அனுமதி இல்லாமல் எடுத்துச் செலவு செய்வது அது.

அதனால் எதுவரை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். உடம்பைப் பற்றிய பொதுவான உண்மைகளை எவ்வளவு வேண்டுமானாலும் தெளிவாகச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருடைய வாழ்க்கையை, அது உங்களுடையதானாலும், அங்கே விரிக்க வேண்டாம். எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பட்டியல் போட்டுக் குழம்புவதைவிட இந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்வது எளிது. பிறப்புறுப்பு, விறைப்பு, உடலுறவு என்று நிதானமான குரலில் சொன்னால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். சாடையாகவும் சிரிப்பாகவும் சொல்லும்போதுதான் ஆபாசமாகிறது.

வெட்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பது தமிழ்நாட்டுச் சபைக்குத் தெரியாத விஷயம் இல்லை. திண்டிவனத்தில், மிஷனரி மருத்துவர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டதையும், மருத்துவரான அப்பா வருவார் என்று சொன்னபோது ஆண் பார்க்கக் கூடாது என்று திரும்பிப் போனதையும், மூன்று பெண்களும் இறந்ததையும் ஞாயிறு பள்ளியில் கதையாகக் கேட்டுத்தானே வளர்ந்தோம். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படித்து வந்து வேலூர் மருத்துவமனையை உருவாக்கினார். கமிட்டியில் பேசும்போது இதை ஞாபகப்படுத்துங்கள்.

வகுப்பை எப்படி மாற்றலாம்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெண்களுக்கு நீங்கள், ஆண்களுக்கு உங்கள் கணவர் அல்லது நம்பிக்கையான ஒரு மருத்துவர் எடுக்கட்டும். கடைசியில் மட்டும் எல்லாரும் சேர்ந்து உட்காரலாம். நர்ஸ், டாக்டர் யாராவது சபையில் இருப்பார்கள், அவர்களை அழையுங்கள். கமிட்டியின் "டாக்டர் வேலை" என்ற கவலையும் தீரும். சீட்டுகளை அங்கேயே படிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதி, அடுத்த வகுப்பில் பதில் சொல்லுங்கள்.

ஆண்களுக்கான வகுப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையன்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். பலருக்குக் கையிலிருக்கும் செல்போன்தான் ஆசிரியர். அதில் பார்க்கிற பெண்ணுக்கு வலிக்காது, களைப்பு வராது, தயாராவதற்கு நேரமும் தேவைப்படாது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவன், தன் மனைவி அப்படி இல்லாதபோது அவளிடம் குறை இருக்கிறது என்றோ தன்னிடம் குறை இருக்கிறது என்றோ முடிவு கட்டுகிறான். பெண்ணின் உடம்பு ஆயத்தமாக நேரம் எடுக்கும், ஈரப்பசை வராமல் முயன்றால் வலிக்கும், முதல் சில வாரங்களில் சீக்கிரம் முடிந்துபோவது சகஜம், பதற்றத்தில் விறைப்பு வராமல் போவதும் சகஜம் என்று ஒரு பெரியவர் வாயால் கேட்டாலே பாதிக் குடும்பச் சண்டை வராது.

ரத்தத்தைப் பற்றிக் கேட்ட சீட்டுக்கு இரண்டு வகுப்பிலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். கன்னிச்சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பலருக்கு முதல் முறை ரத்தமே வராது. அதை வைத்தோ வேறு எந்தப் பரிசோதனையை வைத்தோ ஒரு பெண் முன்பு உறவு கொண்டாளா என்று யாராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனை என்று ஒன்று அறிவியலிலேயே இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் சேர்ந்து அறிவித்தன. படுக்கை விரிப்பைப் பார்க்கும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், இதை மாப்பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது முக்கியம்.

"வேண்டாம்னு சொன்னா பாவமா?" என்ற கேள்விக்கு, பாவம் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். மனைவியும் சொல்லலாம், கணவனும் சொல்லலாம். ஒரே ஆள் எப்போதும் மறுத்துக்கொண்டே இருந்தால் அதன் பின்னால் வலியோ மனச்சோர்வோ மருந்தின் பக்கவிளைவோ தீராத கோபமோ இருக்கும், அதைத் தேட வேண்டும். கட்டாயப்படுத்துவதற்கு வேதத்தில் இடம் இல்லை. நாட்டுச் சட்டம் இங்கே இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 63ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் மனைவிக்கு வழியே இல்லை என்று அர்த்தமில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

"இது பாவமா, அது பாவமா" என்று வகை வகையாகக் கேட்கும் சீட்டுகளும் வரும். அனுமதிப் பட்டியல் எதையும் நீங்கள் தயாரிக்க வேண்டாம். வேதத்திலும் அப்படி ஒரு பட்டியல் இல்லை. இருவருக்கும் மனப்பூர்வமான விருப்பமா, யாருக்காவது வலிக்கிறதா, மூன்றாவது ஆளோ செல்போன் கேமராவோ உள்ளே வருகிறதா என்று அவர்களையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்வார்கள், அதை நாம் தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. நெருக்கமான நேரத்தில் வீடியோ எடுப்பதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கணவனே கேட்டாலும் வேண்டாம். அது ஒரு போனில் பிறந்து எத்தனை போனில் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

கருத்தடை விஷயத்தில் சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலின்படி, செயற்கை முறைகளை ஏற்பதில்லை. கருத்தரிக்கும் நாட்களைக் கணக்கிட்டுத் தவிர்க்கும் இயற்கை முறையை ஏற்கிறது. ஆங்கிலிக்கன் ஆயர்கள் 1930 லாம்பெத் மாநாட்டில், தகுந்த காரணம் இருந்தால் மற்ற முறைகளையும் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த மரபும் மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளும் சேர்ந்துதான் 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. யூடியூப் போதகர் சொல்வது அவருடைய மனசாட்சியாக இருக்கலாம், உங்கள் சபைப் பிள்ளைகள்மேல் அதைச் சுமத்த வேண்டாம். கத்தோலிக்க வீட்டில் சம்பந்தம் செய்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், இந்த வித்தியாசத்தைக் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பேசிக்கொள்ளட்டும். உடனே குழந்தை வேண்டும் என்கிறவர்களிடம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிப் பேசும்போது, அறையில் யாராவது ஒருவருக்குச் சிறு வயதுக் கொடுமை நினைவுக்கு வரலாம். யாரையும் பேச வற்புறுத்த வேண்டாம். தனியாக வந்து சொன்னால், "உன் தப்பு இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரு மனநல ஆலோசகரைக் காட்டுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

ஜெபக் குறிப்பு பற்றி ஒரு வார்த்தை

இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் விஷயத்தைப் பேர் சொல்லாமல், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக் குறிப்பாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். "கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிற, நம் வகுப்பில் படித்த பிள்ளை" என்றால், உங்கள் சபையில் எத்தனை பேர் இருப்பார்கள்? கண்ணை மூடி ஜெபித்த கையோடு கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அவள் கேட்டது உங்களிடம் மட்டும். அவளுடைய அனுமதி இல்லாமல் சபைப் போதகரான ஐயரிடமோ, அவள் அம்மாவிடமோகூடச் சொல்லாதீர்கள். அவளைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். வேறு யாராவது சொல்லி அவள் கேட்பதைவிட அது நல்லது. அவள் உயிருக்கு ஆபத்து என்றாலோ, 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தாலோ மட்டும் நிலைமை வேறு. அப்போது போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்கு எழுதிய கடிதத்திலும் அவள் ஊரும் வேலையும் கணவர் வேலை செய்யும் இடமும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டேன், வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கமிட்டிக்குப் போகும்போது இந்தப் பதிலைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று நினைத்தால், அவளைப் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டுக் காட்டுங்கள். முதலில் அவளை மருத்துவரிடம் அனுப்புங்கள். துணைக்கு நீங்களும் வர வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால், கணவன் மனைவி இருவரும் மட்டும் போய்வரட்டும்.